கல்லூரி பார்க்கப் போன கதை

பெண் பார்க்கப் போகும் வழக்கத்தை நாமெல்லாம் அறிவோம். நல்ல நாளும் நேரமும் பார்த்துப் பெரியவர்கள் நாலைந்து பேர் புறப்படுவர். பலகாரமும் தேநீரும் வரும். குலம், உத்தியோகம், சீதனம், காணி என்று பேச வேண்டியவை யாவும் பேசப்படும். யாருடைய வாழ்வைப் பற்றிப் பேசுகிறார்களோ அந்தப் பெண் மாத்திரம் ஒரு சொல்லும் பேசாது தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

அமெரிக்க நாட்டிலே கோடை காலம் பிறந்தவுடன் பல குடும்பங்கள் ஏறத்தாழ இதைப் போன்ற ஒரு காரியத்துக்குப் புறப்படுகின்றன. அவர்கள் பார்க்கப் போவது பெண்ணை அன்று, கல்லூரியை. பாடசாலைப் படிப்பிலே இன்னும் ஓர் ஆண்டு எஞ்சியிருக்கும் பிள்ளையை மோட்டார் வண்டியில் ஏற்றிக்கொண்டு, ஊர் ஊராகச் சென்று, கட்டிடங்களைப் பார்த்து, வினாக்களை வினாவி, சில இடங்களில் நேர்முகப் பரீட்சைக்கும் பிள்ளையை அனுப்பிவிட்டு வெளியே காத்திருப்பார்கள். 2023 ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் அத்தகைய பயணம் ஒன்றிலே தாய்மாமன் என்ற முறையிற் கலந்துகொள்ளும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அங்கே கண்டவற்றையும், கல்லூரி ஆசிரியனாகிய நான் கற்றுக்கொண்ட ஒரு பாடத்தையும் இங்கே எழுதுகின்றேன்.

வூஸ்ரர் நகரம்

என் தமக்கையார் குடும்பம் மசாச்சுசெற்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்ரர் என்னும் நகரில் வசிக்கின்றது. ஆங்கிலத்தில் எழுதியிருப்பதை எழுத்துக் கூட்டிப் படித்தால் ‘வோர்செஸ்ரர்’ என்றுதான் வரும். நான் அப்படியே சொல்லி ஒரு வாரம் வரையில் மருமகளின் சிரிப்புக்கு ஆளானேன். இந்நகரின் பெயரை நம்மவருள் அறிந்தோர் சிலரே. ஆயினும் நமக்கு அது முற்றிலும் புதிய ஊரன்று. மானிப்பாயிலே மருத்துவமனை நடத்தி, மேனாட்டு வைத்தியத்தைத் தமிழ் மொழியிலேயே மாணாக்கருக்குக் கற்பித்து, வைத்திய நூல்களையும் தமிழில் ஆக்குவித்த டாக்டர் சாமுவேல் கிறீன் அவர்கள் இந்த ஊரைச் சேர்ந்தவர். 1847 ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த அவர், இறுதியில் 1873 ஆம் ஆண்டு தாயகம் திரும்பினார். 1884 ஆம் ஆண்டு காலமானபோது இந்நகரத்து மயானத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். தமிழருக்கு வைத்தியப் பணி செய்தவர் என்ற குறிப்பு அவருடைய கல்லறைக் கல்லிலே பொறிக்கப்பட்டிருக்கின்றது.

தமக்கையார் என்னை அக்கல்லறைக்கு அழைத்துச் சென்றார். அங்கே நின்றபோது, “தம்பி, இந்த ஊரிலையிருந்து ஒரு டொக்டர் எங்கட ஊருக்கு வந்தார். என்ர பிள்ளையும் டொக்டரா வந்தால் அந்தக் கடன் தீர்ந்தமாதிரி” என்று சொன்னார். மருமகள் சற்று அப்பால் நின்று வேறு கற்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் அதனைக் கவனித்தேனல்லேன்.

அவர்கள் முறையும் நம் முறையும்

பயணத்தைச் சொல்லுமுன், அந்நாட்டுக் கல்லூரி அநுமதி முறையைச் சிறிது விளக்குதல் வேண்டும். நம் நாட்டிலே க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் ஒரு மாணாக்கன் பெறும் இசற் புள்ளியே அவனுடைய பல்கலைக்கழக வாயிலைத் திறக்கின்றது, அல்லது மூடுகின்றது. பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு நூற்றுக்கு 40 இடம் நாடளாவிய தகைமைக்கும், 55 இடம் மாவட்டங்களுக்கும், 5 இடம் வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. இடையிலே மாணாக்கனின் முகத்தை ஒருவரும் பார்ப்பதில்லை.

அமெரிக்காவிலே நாடு முழுவதற்கும் பொதுவான அநுமதி முறை கிடையாது. ஒவ்வொரு கல்லூரியும் தன் மாணாக்கரைத் தானே தெரிந்தெடுக்கின்றது. பாடசாலைப் புள்ளிகள், ஆசிரியர் எழுதும் கடிதங்கள், மாணாக்கர் தாமே வரையும் கட்டுரை, படிப்புக்குப் புறம்பாக அவர் செய்தவை ஆகிய அனைத்தும் நோக்கப்படும். சில கல்லூரிகள் இவற்றோடு நேர்முக உரையாடலையும் வைத்திருக்கின்றன. சில அதனை அறவே நடத்துவதில்லை. பொது விண்ணப்பப் பத்திரம் ஆவணி முதலாந் தேதியளவில் இணையத்தளத்திலே திறக்கப்படும். முந்தி விண்ணப்பிப்போருக்குக் கார்த்திகை மாதமும், ஏனையோருக்குப் பெரும்பாலும் தை மாதமும் இறுதி நாள்களாக அமையும். ஆகவேதான் அதற்கு முந்திய கோடை விடுமுறை கல்லூரி பார்க்கும் பருவமாகிவிட்டது.

கோடையில் ஒரு குறையும் உண்டு. பேராசிரியர்களும் மாணாக்கரும் விடுமுறையிற் சென்றிருப்பர், வகுப்பில் உட்கார்ந்து பார்க்க இயலாது. திருவிழா இல்லாத நாளிலே கோயிலைப் பார்ப்பது போன்றது அது. மண்டபமும் தூணும் தெரியும், கூட்டத்தின் இயல்பு தெரியாது. எனினும் பாடசாலை நாள்களிலே நேரமில்லாத பிள்ளைக்கும், விடுப்புக் கிடையாத தந்தைக்கும் வேறு காலம் எது?

திட்டம் வகுத்தோம்

அத்தான் ஒரு பண்டகசாலையில் இரவு வேலை செய்பவர். அவருக்கு ஒரேயொரு நாள்தான் விடுப்புக் கிடைத்தது. அடுக்களை மேசையிலே தேசப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு நால்வரும் இருந்தோம். தமக்கையார் முதலிற் சொன்ன பெயர் யேல். அப்பெயரிலும் நம் பக்கத்துத் தொடர்பொன்று உண்டு. சென்னைக் கோட்டையிலே ஆளுநராயிருந்த எலிகு யேல் என்பவர் அனுப்பிய பொருள்களின் நன்றிக்காக 1718 ஆம் ஆண்டு அக்கல்லூரிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. பெயரின் வரலாறு இருக்கட்டும், ஒரு நாளிலே எத்தனை ஊர்களுக்குப் போக முடியும் என்று அத்தான் கேட்டார்.

ஈற்றில் மூன்று விதிகளை வகுத்தோம். ஒரு நாளில் இரண்டு கல்லூரிகளுக்கு மேற் பார்ப்பதில்லை என்பது முதலாவது. விளக்கக் கூட்டம் ஏறத்தாழ ஒரு மணி நேரம், வளாகத்தைச் சுற்றிக் காட்டுதல் இன்னொரு மணி நேரம், அதன்மேல் உணவும் வழி தவறுதலும். இரண்டாவது, போகுமுன் கல்லூரியின் இணையத்தளத்திலே பதிவு செய்துகொள்ளுதல். சில கல்லூரிகள் யார் வந்து பார்த்தார்கள் என்பதையும் குறித்து வைத்துக்கொள்ளும் என்று மருமகள் விளக்கினாள். மூன்றாவது, தூரத்துக் கல்லூரிகளுக்குப் போகுமுன் வீட்டுக்கு அண்மையிலுள்ள ஒன்றைப் பார்த்துப் பழகிக்கொள்ளுதல்.

பணத்தைப் பற்றியும் அன்றே பேசினோம். அப்பகுதித் தனியார் கல்லூரிகள் பலவற்றிலே படிப்புக்கும் விடுதிக்குமாக ஆண்டொன்றுக்கு 80,000 டொலருக்கு மேற் குறித்திருப்பார்கள். அதைப் பார்த்தவுடன் நான் தேசப்படத்தை மடிக்கத் தொடங்கினேன். ஆனால் அங்கே குறித்த விலை வேறு, ஒரு குடும்பம் கொடுக்கும் விலை வேறு. குடும்ப வருமானத்தை நோக்கி உதவிப் பணம் வழங்குவார்கள். 2011 ஆம் ஆண்டு முதல், அரசாங்க மாணவர் உதவியிற் பங்குபெறும் ஒவ்வொரு கல்லூரியும், ஒரு குடும்பத்துக்கு உண்மையில் எவ்வளவு செலவாகலாம் என்று மதிப்பிடும் கணிப்பானைத் தன் இணையத்தளத்தில் வைத்திருத்தல் வேண்டும். அத்தான் வரிப் பத்திரங்களை எடுத்து வந்து ஒவ்வொரு கல்லூரிக்கும் கணக்கிட்டுப் பார்த்தார். அன்றிரவே பட்டியலிலிருந்து நான்கு பெயர்கள் நீங்கின. கட்டிடங்களைப் பார்த்து மனம் இழக்குமுன் இக்கணக்கைப் பார்த்துவிடுதல் எக்குடும்பத்துக்கும் நன்று.

ஒத்திகை

வூஸ்ரர் நகரிலேயே உள்ள கிளார்க் பல்கலைக்கழகத்தை ஒத்திகைக்குத் தெரிந்துகொண்டோம். 1887 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட அப்பல்கலைக்கழகத்துக்கு 1909 ஆம் ஆண்டு உளவியல் அறிஞர் சிக்மண்ட் புரொய்ட் வந்து விரிவுரைகள் நிகழ்த்தினார். அவர் அமெரிக்கா சென்றது அந்த ஒரே தடவைதான். இன்று வளாகத்திலே அவருடைய சிலை ஓர் ஆசனத்தில் அமர்ந்திருக்கின்றது. பக்கத்தில் உட்கார்ந்து படம் பிடிக்காத தாய்மார் இல்லை. திரவ எரிபொருளால் இயங்கும் முதலாவது ஏவுகணையை 1926 ஆம் ஆண்டு அயலூரிலிருந்து விண்ணிலே செலுத்திய ரொபேட் கொடார்ட் அவர்களும் இங்கே பேராசிரியராயிருந்தவரே.

எங்களை அழைத்துச் சென்றவன் இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன். எங்கள் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே பின்புறமாக நடந்தான். படியிலும் புல்லிலும் கால் தவறாது அவன் நடந்த நடை ஒரு வித்தையாகவே இருந்தது. விடுதி, நூல்நிலையம், உணவுச்சாலை யாவற்றையும் காட்டினான். வினாக்களுக்கு அழைத்தபோது நான் கேட்டேன். வகுப்பில் எத்தனை பேர், ஆசிரியர் எத்தனை பேர், பட்டம் பெற்றோர் எங்கே வேலை செய்கின்றனர் என்று ஏழு வினாக்கள் கேட்டேன். மருமகள் ஒன்றும் கேட்கவில்லை. பெண் பார்க்கும் வீட்டிலே பெண் நிற்பது போலவே நின்றாள்.

வீடு திரும்பும் வழியில் மெதுவாகச் சொன்னாள்: “மாமா, படிக்கப் போறது நீங்களோ நானோ?”

அத்தான் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்றவனுக்கு வாயை மூடிக்கொண்டிருப்பது கடினமான பாடம்.

ஆயினும் அப்பாடத்தை அன்று நான் முழுவதுங் கற்கவில்லை. அடுத்த நாள் மாலை நேர்முக உரையாடலுக்கு அவளை ஆயத்தம் செய்ய முற்பட்டேன். ‘நீ யாராக விரும்புகிறாய்?’ ‘எங்கள் கல்லூரியை ஏன் தெரிந்தாய்?’ என்ற வினாக்களுக்கு இரண்டு பக்க விடை எழுதிக் கொடுத்தேன். வைத்தியராகி மானிட குலத்துக்குத் தொண்டாற்றுவது அதன் சாரம். அவளும் தாயின் முன்னிலையில் அதனை ஒப்புவித்தாள். ஓரிடத்திலும் தடுமாறவில்லை. தொடக்கத்திலே “மதிப்புக்குரிய நடுவர் அவர்களே” என்ற ஒன்றுதான் இல்லை. தமக்கையார் மகிழ்ந்தார். பேச்சுப் போட்டிக்கு ஆயத்தமான பிள்ளையைப் பார்க்கும் திருப்தி எனக்கும் உண்டாயிற்று.

அமெர்ஸ்ற்: கல்லிலே காலடி

வியாழக்கிழமை அதிகாலை மேற்கு நோக்கிப் புறப்பட்டோம். கொனெற்றிக்கட் ஆற்றின் பள்ளத்தாக்கிலே, ஒன்றுக்கொன்று அண்மையாகப் பல கல்லூரிகள் அமைந்திருக்கின்றன. அமெர்ஸ்ற் ஊரிலே 1821 ஆம் ஆண்டு தோன்றிய அமெர்ஸ்ற் கல்லூரியும், மாநில அரசின் மசாச்சுசெற்ஸ் பல்கலைக்கழகமும் உள. நோதாம்ரன் ஊரிலே ஸ்மித் கல்லூரியும், மலைத்தொடருக்குத் தெற்கே சவுத் ஹட்லி ஊரிலே மவுண்ற் ஹோலியோக் கல்லூரியும் உள. இந்நான்கும் சேர்ந்து 1965 ஆம் ஆண்டு ஒரு பொது அமைப்பை உண்டாக்கின. ஒரு கல்லூரியின் மாணாக்கர் மற்றொன்றிற் சென்று பாடம் கேட்கலாம். ஊர்களுக்கிடையே பஸ் வண்டிகள் ஓடுகின்றன. இச்செய்தியை அத்தான் தம் சிறு குறிப்புப் புத்தகத்திலே கோடிட்டு எழுதிக்கொண்டார்.

அமெர்ஸ்ற் கல்லூரி நேர்முகம் நடத்துவதில்லை. எனவே அங்கே மனச்சுமையின்றி நடந்தோம். கவிஞர் ரொபேட் புரொஸ்ற் பெயரால் அமைந்த நூல்நிலையத்தைப் பார்த்தோம். அதன் அடிக்கல் நாட்டு விழாவுக்கு 1963 ஆம் ஆண்டு ஐப்பசி மாதம் ஜனாதிபதி கென்னடி வந்து உரையாற்றினார். அடுத்த மாதமே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். போரில் இறந்த மாணாக்கரின் நினைவிடத்திலே நின்றால் தெற்கே நீல நிறத்திலே மலைத்தொடர் தெரிகின்றது.

சுற்றிப் பார்த்து முடிந்தபின் எஞ்சிய நேரத்தில் அக்கல்லூரியின் இயற்கை வரலாற்று நூதனசாலைக்கு மருமகள் எங்களை அழைத்துச் சென்றாள். அங்கே கண்ட காட்சி விந்தையானது. செந்நிறக் கற்பலகைகளிலே மூன்று விரற் காலடிகள் வரிசை வரிசையாகப் பதிந்திருக்கின்றன. 1802 ஆம் ஆண்டு சவுத் ஹட்லியிலே பிளினி மூடி என்ற சிறுவன் தகப்பனாரின் வயலை உழுதபோது இத்தகைய கல்லொன்றைக் கண்டெடுத்தான். விவிலியக் கதையிலே நோவா பறக்கவிட்ட காகத்தின் அடி என்று ஊரவர் அதற்குப் பெயரிட்டனர். பின்னர் அமெர்ஸ்ற் கல்லூரியின் தலைவராக விளங்கிய எட்வேட் ஹிச்கொக் என்னும் அறிஞர் இத்தகைய கற்களை ஆயிரக்கணக்கிலே சேகரித்தார். பண்டைக் காலத்துப் பெரும் பறவைகளின் அடிகள் அவை என்று அவர் கருதினார். உண்மையில் அவை டைனோசர் என்னும் ஊர்வன இனத்தின் அடிகள் என்பது இன்று தெளிவாகியிருக்கின்றது.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மருமகள் அசையவில்லை. ஈரச் சேற்றிலே மிதித்த அடி காயுமுன் அழியாதிருந்தது எவ்வாறு என்று அங்கிருந்த பணியாளரிடம் கேட்டாள். அவர் சொன்னவற்றை எழுதிக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, “மாமா, அம்மம்மா வீட்டுக் கிணத்துக்குள்ள தெரியிற வெள்ளைக் கல்லும் கடலுக்கு அடியில உண்டானதுதானே?” என்றாள்.

“ஓம், ஓம். நேரமாகுது பிள்ளை, வா” என்றேன் நான்.

மலைக்கு அப்பால்

மலைத்தொடரின் கணவாய் வழியாகத் தெற்கே இறங்கினால் சவுத் ஹட்லி. மவுண்ற் ஹோலியோக் கல்லூரியை 1837 ஆம் ஆண்டு நிறுவியவர் மேரி லயன் என்னும் ஆசிரியை. பச்சை வெல்வெற் பையொன்றைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகச் சென்று பணம் சேர்த்தார். 80 மாணவியரோடு தொடங்கினார். ஆண்டுக் கட்டணம் 60 டொலர். அதனைக் குறைவாக வைத்திருப்பதற்காக, சமைத்தல், துவைத்தல், பெருக்குதல் முதலிய வேலைகளை மாணவியரே பங்கிட்டுச் செய்தனர். பெண்களுக்கு அறிவியலைக் கற்பிப்பதில் அவர் பெரு நாட்டம் கொண்டிருந்தார். மேலே சொன்ன ஹிச்கொக் அவர்களின் வீட்டிலே தங்கி, அவரிடமே அறிவியல் பயின்றவர் அவர். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற கவிஞர் எமிலி டிக்கின்சன் அங்கே 1847 ஆம் ஆண்டு சேர்ந்து ஓராண்டுக்குக் குறைவாகப் படித்தார். மேரி லயன் அம்மையாரின் கல்லறை இன்றும் வளாகத்தின் நடுவே இருக்கின்றது.

நம் உடுவில் மகளிர் கல்லூரி 1824 ஆம் ஆண்டு தோன்றியது என்பதை இவ்விடத்திலே வாசகர்கள் நினைத்துப் பார்க்கலாம். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலிலே பெண் பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கி 13 ஆண்டுகள் கழிந்த பின்பே இக்கல்லூரி எழுந்தது. இதனைக் கேட்டபோது தமக்கையாரின் முகத்திலே ஒரு மலர்ச்சி தோன்றியது. அவரும் அம்மாவும் படித்தது உடுவிலிலேதான்.

நேர்முகம் அக்கல்லூரியிற் கட்டாயமன்று. விரும்பியோர் கேட்டுப் பெறலாம். பெற்றோர் உள்ளே செல்வதில்லை. இளம் பெண்மணி ஒருவர் வந்து, மருமகளோடு கைகுலுக்கி அழைத்துச் சென்றார். கதவு மூடியது. நாங்கள் மூவரும் ஏரிக்கரையிலே ஒரு மரத்தின் கீழ் அமர்ந்தோம். இரவு வேலையின் களைப்பால் அத்தான் புல்லிலே சாய்ந்து உறங்கிவிட்டார். தமக்கையார் நல்லூர்க் கந்தனை நினைத்துக்கொண்டிருந்தார். நான் எழுதிக் கொடுத்த விடையை மனத்துக்குள் ஒரு முறை ஒப்புவித்துப் பார்த்தேன். அரை மணி நேரம் என்றார்கள். முக்கால் மணியாயிற்று.

வெளியே வந்தபோது அப்பெண்மணி எங்களிடமும் இரண்டொரு சொற் பேசினார். “உங்கள் மகள் கேட்ட ஒரு கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை. புவிச்சரிதவியல் பேராசிரியரிடம் கேட்டு எழுதுவதாகச் சொல்லியிருக்கின்றேன்” என்றார். தமக்கையார் திகைத்தார். வைத்தியத்துக்கும் புவிச்சரிதவியலுக்கும் என்ன தொடர்பு?

காருக்குள்ளே நடந்தது

வண்டி நெடுஞ்சாலையில் ஏறிய பிறகு மருமகளே சொன்னாள். தொடக்கத்தில் என் விடையைத்தான் சொன்னாளாம். அப்பெண்மணி பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இன்று காலை தொடக்கம் இப்பகுதியிலே பார்த்தவற்றுள் உன் மனத்தில் நின்றது எது?” என்று வினவினாராம். அதற்கு எழுதிய விடை இல்லை. அவள் கற்பலகையைச் சொன்னாள். அதிலிருந்து அம்மம்மாவின் கிணற்றைச் சொன்னாள். பன்னிரண்டு வயதிலே ஊருக்கு வந்தபோது அக்கிணற்று நீர் உவர்த்ததையும், அயற் கிணறு நன்னீராயிருந்ததையும், ஏன் என்று கேட்டபோது ஒருவரும் விடை சொல்லாததையும் சொன்னாள். இறுதியிலே, “எங்களிடம் கேட்பதற்கு உனக்கு ஏதும் உண்டா?” என்றபோது, நிலத்தடி நீரையும் சுண்ணாம்புக் கல்லையும் முதலாம் ஆண்டிலிருந்தே படிக்க வழியுண்டா என்று கேட்டாளாம்.

“எனக்கு டொக்டராக விருப்பமில்லை, அம்மா” என்று முடித்தாள்.

தமக்கையார் சன்னல் வழியே வெளியே பார்த்தார். நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை. நம் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. மாரியில் பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லின் இடுக்குகளிலே தேங்கி நிற்பதுதான் நமக்கு நீர். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் கடல் நீர் ஏறும். இதனைப் பாடப் புத்தகத்திலே கற்பிக்கின்றோம். ஆனால் ஒரு பிள்ளை அதனை ஐந்து ஆண்டுகளாக மனத்திலே சுமந்து திரிந்ததை அவள் வீட்டார் ஒருவரும் அறியவில்லை. அவளுக்கு விடை எழுதிக் கொடுத்த நான் ஒரு வினாவையும் கேட்கவில்லை. காலையிலே அவள் என்னிடமே கேட்ட வினாவுக்கும் “ஓம், ஓம்” என்று சொல்லிக் கையைப் பிடித்து இழுத்து வந்தவன் நான்.

முதலிற் பேசியவர் அத்தான். வண்டியை ஓட்டியபடியே சொன்னார்: “எங்கட வெங்காயத் தோட்டத்துக் கிணறும் அப்பிடித்தான் உவராப் போனது. அதுக்குப் பிறகு ஐயாவால தோட்டம் செய்ய ஏலாமப் போச்சு. ஏனெண்டு சொல்ல அப்ப ஊரில ஒருத்தரும் இல்லை.”

அவ்வளவுதான். தமக்கையார் அன்று சம்மதிக்கவுமில்லை, மறுக்கவுமில்லை. வீட்டுக்கு வந்ததும் மகளுக்குப் பிடித்த புட்டை அவித்தார்.

பின்னர் நிகழ்ந்தது

அடுத்த ஆண்டு இளவேனிலிலே விடைகள் வந்தன. இரண்டு கல்லூரிகள் மறுத்தன. மூன்று ஏற்றன. மலைக்கப்பாற் கல்லூரியும் ஏற்றவற்றுள் ஒன்று. ஆனால் குடும்பத்தின் கைக்கு எட்டியது மாநில அரசின் பல்கலைக்கழகமே. அம்மாநிலத்திலே வசிப்போருக்கு அங்கே கட்டணம் குறைவு. மருமகள் 2024 ஆம் ஆண்டு அமெர்ஸ்ற் ஊரிலுள்ள அப்பல்கலைக்கழகத்திற் சேர்ந்து, புவி பற்றிய அறிவியலைக் கற்கின்றாள். இரண்டாம் ஆண்டிலே ஒரு பாடத்தை மவுண்ற் ஹோலியோக் கல்லூரியிலே சென்று கேட்டாள். அத்தான் கோடிட்டு எழுதிய குறிப்பு வீண்போகவில்லை. பஸ் வண்டியிலே கணவாயைக் கடக்கும்போதெல்லாம் அந்த வியாழக்கிழமையை நினைப்பதாக எழுதியிருந்தாள்.

நம் மாணாக்கருக்கு

பிற நாட்டுக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் நம் பிள்ளைகள் பெரும்பாலோர் அங்கே நேரிற் சென்று பார்க்க வசதியற்றவர்கள். அதனால் மனந்தளர வேண்டியதில்லை. பயணச் செலவு செய்ய இயன்ற குடும்பங்களுக்கே நன்மையாகிவிடும் என்று கருதி, வளாகத்தில் நேர்முகம் நடத்துவதை நிறுத்திய கல்லூரிகளும் உள. விளக்கக் கூட்டங்களையும் உரையாடல்களையும் கணினி வழியாகப் பலர் நடத்துகின்றனர். எவ்வழியாயினும் சில குறிப்புகளை நினைவிற் கொள்வது நன்று.

முதலாவது, செலவுக் கணக்கை முன்னரே பாருங்கள். முந்தி விண்ணப்பிக்கும் முறைகளுட் சில, அநுமதி கிடைத்தால் அங்கேயே சேர்வதாக வாக்களிக்கச் செய்வன. உதவிப் பணத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய குடும்பங்கள் அதிலே அவசரப்படலாகாது. இரண்டாவது, ஒவ்வொரு கல்லூரியைப் பார்த்த அன்றே குறிப்பு எழுதுங்கள். மூன்றாம் நாளில் எல்லாக் கட்டிடங்களும் ஒன்றாகிவிடும். மூன்றாவது, வினாக்களைப் பிள்ளையே கேட்கட்டும். வருடமும் எண்ணிக்கையும் இணையத்தளத்திலே கிடைக்கும். அங்கே கிடைக்காததைக் கேளுங்கள். நான்காவது, உரையாடியவருக்கு அடுத்த நாள் நன்றிக் கடிதம் நாலு வரி எழுதுங்கள். ஐந்தாவது, விடையை மனனம் செய்யாதீர்கள். உங்கள் மனத்தில் நிற்பது எதுவென்று நீங்களே அறிந்துகொண்டு போங்கள்.

நம்முடைய முறையை நான் பழிக்கவில்லை. புள்ளி ஒன்றே பேசுமிடத்திலே செல்வாக்குப் பேசுவது அரிது. ஏழைத் தோட்டக்காரரின் பிள்ளைக்கு அது பெரிய காவல். ஆயினும் புள்ளி வருமுன்னும் வந்த பின்னும், கற்கைநெறிகளை வரிசைப்படுத்தி எழுதும் அந்தப் பத்திரத்தை நிரப்புமுன்னும், பிள்ளையிடம் ஒரு வினாக் கேட்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

ஊர் திரும்பிய பின்னர் என் உயர்தர வகுப்பு மாணாக்கரைத் திருநெல்வேலிக்கு அழைத்துச் சென்றேன். 1921 ஆம் ஆண்டு சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் நிலத்திலே 1974 ஆம் ஆண்டு தொடங்கியது நம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம். அதன் மதிற்புறத்தாலே நாள்தோறும் சைக்கிளிற் போகும் மாணாக்கருட் பாதிப்பேர் அதன் வாயிலைக் கடந்து உள்ளே போனதில்லை என்பதை அன்றுதான் அறிந்தேன். நூல்நிலையத்தையும் ஆய்வுகூடங்களையும் பார்த்தோம். அங்கே கற்கும் மாணவர் இருவர் எங்களோடு நடந்து வந்தனர். அவர்களும் சிறிது தூரம் பின்புறமாகவே நடந்தார்கள்.

முடிவில், “உங்களுக்குக் கேட்பதற்கு ஏதும் உண்டா?” என்று அவர்கள் வினவினர். என் மாணாக்கர் வழக்கம்போல் என் முகத்தைப் பார்த்தனர். நான் மறுபுறம் திரும்பி, ஆலயக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சிறிது நேரம் அமைதியாயிருந்தது. பிறகு பின்வரிசையிலிருந்து, வகுப்பிலே ஒருநாளும் வாய் திறவாத ஒரு பையன் கையை உயர்த்தினான்.